பிழைத்த கையும் பேதுற்ற நெஞ்சும்

தமிழிலே 'பிழைத்தல்' என்னுஞ் சொல் இரு பொருள் தருவது. தவறு செய்தல் என்பது ஒன்று; இறவாது உயிர்தப்புதல் என்பது மற்றொன்று. இலக்கண நூலார் இத்தகையவற்றைப் பலபொருள் ஒருசொல் என வகுத்து, சார்பு நோக்கிப் பொருள் கொள்க என்பர். நோயாளி பிழைத்தான் என்றால் மகிழ்கின்றோம். வைத்தியன் பிழைத்தான் என்றால் வெகுளுகின்றோம். ஆயின், அவ்வாறு பிழைத்த வைத்தியன் பின்னர்ப் பிழைத்தானோ என வினவுவார் அரியர். அவ்வினாவை இலக்கியத்தின் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பொரளைச் சந்திக்கு அணித்தாக, 1895இல் தோன்றிய லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும், காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் உள்ளன. சற்று அப்பால், 1864இல் நிறுவப்பெற்ற பழைய பெரியாசுபத்திரி இன்று தேசிய வைத்தியசாலை என்னும் பெயரோடு விளங்குகின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர் குழந்தை பெறுதற்கும், குழந்தையின் காய்ச்சலைத் தணித்தற்கும், முதியோரின் இறுதி நாட்களைப் பேணுதற்கும் இப்பக்கமே வருகின்றனர். இங்கு நாள்தோறும் ஏற்றப்படும் ஊசிகளும் எழுதப்படும் மருந்துச் சீட்டுகளும் எண்ணிறந்தன. மனிதர் செய்யும் தொழில் எதிலும் தவறு கலவாதிருத்தல் இல்லை. வைத்தியசாலையிற் சேர்வோருட் பத்தில் ஒருவருக்குச் சிகிச்சையாலேயே யாதானும் ஒரு தீங்கு நேர்கின்றதென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அத்தீங்கை முதலில் தாங்குபவர் நோயாளரும் அவர்தம் குடும்பத்தினருமே. இதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. எனினும், ஊசியேற்றிய கைக்குரியவரின் நெஞ்சினுள்ளும் அன்றிரவு ஏதோ ஒன்று முறிகின்றது. அம்முறிவைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்டன மிகச் சிலவே.

மேலைநாட்டில் இதற்குப் பெயரிட்டவர் அல்பேட் வூ என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர். அவர் 2000ஆம் ஆண்டிற் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய சிறு கட்டுரையில், தாம் பயிற்சி வைத்தியராய் இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றார். உடன் பயின்ற இளைஞர் ஒருவர், இதயத்தைச் சூழ்ந்த உறையில் நீர் நிறைந்து இதயத்தை நெருக்குவதன் அறிகுறியை மின்வரைபடத்திற் காணத் தவறினார். நோயாளி நள்ளிரவில் அறுவைச் சாலைக்கு விரைந்து கொண்டு செல்லப்பட நேர்ந்தது. செய்தி உடனே பரவியது. சக வைத்தியர்களே நடுவராய் அமர்ந்து அவ்விளைஞரை மனத்துள் விசாரித்துத் தீர்ப்பும் அளித்துவிட்டனர். 'இத்தவறு என் கையாலும் நேர்ந்திருக்கும்' என்று கூற ஒருவரும் முன்வரவில்லை. தவறிழைத்தோர் இவ்வாறு உள்ளத்தாற் காயமுறுவதனை வூ 'இரண்டாவது பலி' என்னும் பொருள்பட வழங்கினார்.

இது ஒருவர் கருத்தளவில் நின்றுவிடவில்லை. 2007இல் வெளிவந்த ஆய்வொன்று, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் 3,171 வைத்தியர்களை வினவியது. தவறுகளின் பின் 61 வீதத்தினர் இனியும் தவறு நேருமோ என்னும் அச்சத்தையும், 44 வீதத்தினர் தன்னம்பிக்கைக் குறைவையும், 42 வீதத்தினர் உறக்கமின்மையையும் தெரிவித்தனர். நற்பெயர் குன்றியது என்றோர் 13 வீதத்தினரே. பெயர் கெடுதலினும் உறக்கம் கெடுதலே பெரிதாயிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தம் நிறுவனம் தமக்குப் போதிய துணை நின்றது என்றோரோ பத்தில் ஒருவரே.

இனி நம் இலக்கியத்துட் புகுவோம். தன் சொல்லால் நிரபராதி ஒருவன் மாண்டான் என்றறிந்த கணத்தில் ஒருவனுக்கு நேர்வது யாது என்பதைத் தமிழில் முழுமையாகக் காட்டிய நூல் சிலப்பதிகாரமே. வழக்குரை காதையில், கண்ணகியின் சிலம்பு உடைந்து மணி தெறித்தபோது பாண்டியன் தன்னையே கள்வன் எனத் தீர்ந்து, அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறக்கின்றான். அவன் தேவியும் உடன் மாய்கின்றாள். நாம் மாணவர்க்கு இப்பகுதியைக் கற்பிக்கும்போது நீதி தவறிய அரசன் தன்னைத் தானே ஒறுத்துக்கொண்ட பெருமையை வியந்து நிறுத்திவிடுகின்றோம். அது போதாது என்பது எம் கருத்து.

கொலைக்களக் காதையை மீண்டும் ஊன்றிப் படித்தல் வேண்டும். அரசன் அவ்வேளை தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்து செல்கின்றான், கவனம் வேறிடத்தது. பொற்கொல்லன் வாயிலில் வழிமறித்துச் செய்தி கூறுகின்றான். அவனே சிலம்பைக் கவர்ந்தவன். அரசன் சான்று கேட்கவில்லை, ஆராயவுமில்லை. சிலம்பு கைவசமிருப்பின் கொன்று கொணர்க எனக் காவலர்க்கு ஒரு சொல்லிற் பணித்துச் செல்கின்றான். சென்ற காவலர் கோவலனைக் கண்டதும், இவன் கொலைக்குரியவன் போலத் தோன்றவில்லையே என ஐயுறுகின்றனர். ஐயம் எழுந்தது, ஆனால் அதனை மீண்டும் அரசனிடம் கொண்டுசெல்ல வழியில்லை. பொற்கொல்லன் கள்வரின் சூழ்ச்சிகளை விரித்துரைத்து அவர் வாயடைக்கின்றான். அவர்கள் தயங்கி நிற்கும்போதே, கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான்.

இங்கு ஒரு கொலை நிகழ்வதற்கு எத்தனை தடைகள் தவறவேண்டியிருந்தன என எண்ணுக. பணித்தவனின் கவனச் சிதைவு ஒன்று. ஆராயப்படாத செய்தி ஒன்று. வரையறையற்ற கட்டளை ஒன்று. ஐயுற்றோர் வாய்திறக்கவியலா நிலை ஒன்று. தகுதியற்றவன் கையிற் படை ஒன்று. ஆங்கில உளநூலறிஞர் ஜேம்ஸ் றீசன், வூவின் கட்டுரை வெளிவந்த அதே 2000ஆம் ஆண்டில், அதே பிரித்தானிய மருத்துவ இதழில் இக்கருத்தையே வேறோர் உவமையால் விளக்கினார். துளைகள் உள்ள பாற்கட்டித் துண்டுகளை அடுக்கி வைத்தாற்போலப் பாதுகாப்புகள் பல அடுக்காய் உள்ளன. ஒவ்வோர் அடுக்கிலும் ஓட்டை உண்டு. எல்லா ஓட்டைகளும் ஒரு நேர்கோட்டில் அமையும் நாளிலேயே தீங்கு நுழைகின்றது என்பது அவ்வுவமை. இளங்கோவடிகள் இதனை ஊழ் என்றார். ஆயினும் ஊழ் வந்து புகுந்த வாயில்களை ஒன்றுவிடாது காட்டிய பின்னரே அவ்வாறு கூறினார். நூற்பதிகம் கூறும் மூன்று உண்மைகளுள் முதலாவது அரசியலில் தவறியோரைப் பற்றியது. ஆண்டு ஆளப்பெறுவதும் 'பிழைத்தல்' என்னும் சொல்லே.

பிழையின் பின் நிகழ்ந்தவை யாவை? அரசன் இறந்தான், அரசி இறந்தாள், மதுரை எரிந்தது. அதன்பின், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஒரே பகலிற் பொற்கொல்லர் ஆயிரவரைப் பத்தினிக்கு உயிர்ப்பலியாக அளித்தான் என்று நீர்ப்படைக் காதை கூறுகின்றது. கள்வன் ஒருவன், பலியானோர் ஆயிரவர். இத்தனை உயிர்கள் நீங்கியபின்னும், ஐயுற்ற காவலன் இனி யாரிடம் சென்று கூறுவது, கொலைத் தண்டனைக்கு முன் யார் ஆராய்வது என்னும் வினாக்களுக்கு விடையில்லை. காப்பியம் என்ற வகையில் இஃது ஒப்பற்ற அவலம். ஆனால் பிழைக்குப் பின் ஒரு சமூகம் செய்யத்தக்கது யாது என்ற நோக்கில், பாண்டியன் மரணமும் கொற்கைப் பலியும் ஒரே குறையுடையன. ஒன்று பிழைத்தவன் தன்னை அழித்தல். மற்றது பிழையோடு தொடர்பில்லாரையும் அழித்தல். இரண்டிலும் சினமும் நாணமும் அடங்குகின்றன; அறிவு பிறக்கவில்லை.

இக்காலத்தில் இவ்விரண்டும் வைத்தியசாலைகளில் நிகழ்வதைக் காண்கின்றோம். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், 2017 டிசெம்பரில், றடோண்டா வோட் என்னும் தாதி பதற்றந் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை ஏற்றினார். நோயாளி இறந்தார். மருந்து வழங்கும் இயந்திரத்திற் பெயரின் முதலெழுத்துகளை அழுத்தி, பூட்டைத் தாண்டி எடுத்தபோது நேர்ந்த தவறு அது. புட்டியின்மேலிருந்த எச்சரிக்கையையும் அவர் பாராது விட்டார். தவறு தெரிந்ததும் மறையாது ஒப்புக்கொண்டார். 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனக் கண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. உண்மை கூறியவர்க்கு இதுவே கூலியாயின் இனி எவர் உண்மை கூறுவர் என அந்நாட்டுத் தாதியர் கேட்டனர். இறந்தவரின் குடும்பத்தார்க்கு நீதி வேண்டாமோ என ஏனையோர் கேட்டனர். இரு கேள்வியும் நேர்மையானவையே.

இந்தியாவில், இராசத்தான் மாநிலத்தின் தௌசா மாவட்டத்தில், 2022 மார்ச்சில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. மகப்பேற்றின் பின் குருதிப்பெருக்கால் தாயொருத்தி இறந்தாள். அஃது எத்துணைத் திறமையுள்ள வைத்தியர் கையிலும் நேரக்கூடிய இடர். எனினும் வைத்தியர் அர்ச்சனா சர்மாமீது கொலைவழக்குப் பதியப்பட்டது. மறுநாள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வைத்தியரைக் குற்றவழக்கிற் சேர்க்குமுன் மருத்துவ அறிஞர் கருத்தைப் பெறவேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2005இலேயே வகுத்திருந்தது. விதி ஏட்டில் இருந்தது; வாயிலிற் கூடிய கூட்டத்தின் முன் அது நிற்கவில்லை.

நம் நாட்டு நிலையை நோக்குமுன், வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதியிற் காட்டும் பாகுபாட்டை நினைவுகொள்ளல் நன்று. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து இயற்றுபவன் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அவர் கருத்து. பரிமேலழகர் இவை ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்புகளை விரிக்கின்றார். தீர்ப்பவனுக்கு அவர் முதற்கண் வைப்பது நோய்கண்டு அஞ்சாமை. மருந்துக்குரிய இயல்புகளுள் ஒன்றாக எளிதிற் கிடைத்தலையும் கூறுகின்றார். இவ்வுரைநயத்தை நாம் வகுப்பில் மனனஞ் செய்விக்கின்றோம்; வாழ்க்கையிற் பொருத்திப் பார்ப்பதில்லை.

2022இற் பொருளாதாரம் குலைந்தபோது, மருந்து எளிதிற் கிடைத்தல் என்னும் இயல்பு இலங்கையிற் பறிபோயிற்று. இருப்புக் குறைந்தது, வழக்கமான பதிவின்றியும் மருந்துகள் தருவிக்கப்பட்டன, வைத்தியர் பலர் நாட்டைவிட்டு அகன்றனர். 2023இல் இறக்குமதிக் கண்மருந்து ஒன்றாற் சிலர் பார்வைப் பாதிப்புற்றமையும், போலி ஆவணங்கொண்டு கொள்வனவு செய்யப்பட்டதாகக் கூறப்படும் இமியூனோகுளோபியுலின் ஊசிமருந்து பற்றிய செய்தியும் வெளிப்பட்டன. இதன் தொடர்பில், முன்னர்ச் சுகாதார அமைச்சராயிருந்தவர் 2024 பெப்ரவரியிற் கைது செய்யப்பட்டார். வழக்கைப் பற்றிக் கூறுதல் எம் வேலையன்று. யாம் எண்ணுவது, அத்தகைய புட்டியைத் திறந்து ஊசியில் ஏற்றிய தாதியைப் பற்றியே. அவர் கை தவறவில்லை, அளவு தவறவில்லை, நேரமும் தவறவில்லை. ஆயினும் தீங்கு அக்கை வழியாகவே நோயாளியைச் சேர்ந்தது. நான்கு உறுப்புகளுள் மருந்து என்னும் உறுப்பு தவறியபோது, உறவினர் கண்முன் நின்றவர் இயற்றுபவர் ஒருவரே. அடுத்த ஊசியை எடுக்கும்போது அவரிடம் இல்லாது போவது, பரிமேலழகர் முதலாவதாக வைத்த அந்த அஞ்சாமை அன்றோ?

இனி, வூ வழங்கிய பெயரை ஆராய்வோம். 'இரண்டாவது பலி' என்னுந் தொடர் இரக்கத்தைப் பிறப்பித்தது, அந்நன்மையை மறுத்தலாகாது. ஆயின் 2019இல், மருத்துவத் தவறுகளால் உறவினரை இழந்தோர் சிலர் அதே பிரித்தானிய மருத்துவ இதழில் அத்தொடரைக் கைவிடுக என வேண்டினர். பலியானவன் என்றால் அவன்மேற் பொறுப்பில்லை என்றாகும். தீங்கு யாராலும் அன்றித் தானே நேர்ந்தது போலாகும். பிள்ளையை இழந்த தாயையும் பிள்ளையை இழக்கச் செய்தாரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதாகும் என்பன அவர்தம் வாதம். இவ்வாதம் வலிமையுடையது. தமிழில் அதன் வலிமை இன்னும் மிகுதி. நம் மொழியிற் பலி என்பது தெய்வத்துக்கு இடப்படுவது, குற்றமற்றது. கொற்கைப் பொற்கொல்லர் பலி, பாண்டியன் பலியல்லன்.

அங்ஙனமாயின் பாண்டியனை என்னென்பது? குற்றவாளி என்று மட்டும் கூறின் இளங்கோவடிகள் நம்மோடு உடன்படார். அவன் வீழ்ந்ததைக் கண்டு கண்ணீர் வடிக்கும் வண்ணமே அவர் பாடியிருக்கின்றார். யாம் இதற்கு 'நோய்' என்னும் பழஞ்சொல்லே தக்கதெனக் கருதுகின்றோம். பண்டைத் தமிழில் நோய் என்பது உடற்பிணியை மட்டும் குறிப்பதன்று. உள்ளத்துத் துயரும் நோயே. அகப்பாடல்களின் தலைவி படுவதும் நோய்; வள்ளுவர் பிறர்க்குச் செய்யலாகாது என விலக்குவதும் நோய். நோயுற்றவன் குற்றமுடையவனோ அல்லனோ என்று எந்த வைத்தியரும் வினவிய பின் மருந்து கொடுப்பதில்லை. ஆகவே பிழையின் பின் பிழைத்தார்க்கு வரும் துயரைப் 'பின்னோய்' எனலாம். அப்பெயர் பொறுப்பை அழிக்காது, பரிவையும் தடுக்காது. பலியானவர்க்கு இழப்பீடு உரியது. நோயுற்றவர்க்குப் பேணுதல் உரியது. முன்னையது நோயாளரின் குடும்பத்துக்கு. பின்னையது தாதிக்கும் வைத்தியருக்கும். இரண்டையும் ஒருங்கே கொடுத்தல் இயலும். ஒன்றைக் கொடுத்தற்கு மற்றதை மறுக்க வேண்டுவதில்லை.

இப்பின்னோயின் இயல்பை உள்ளிருந்து எழுதியவருள் உருசிய நாட்டு மிகயில் புல்காகோவ் சிறந்தவர். அவர் 1916, 1917ஆம் ஆண்டுகளில் ஸ்மொலென்ஸ்க் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் தனி வைத்தியராய் இருந்தவர். பின்னர் 1925, 1926ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட வைத்தியக் கதைகளுள் ஒன்றில், இளவைத்தியன் போர்வீரன் ஒருவனின் பல்லைப் பிடுங்குகின்றான்; பல்லோடு எலும்புத் துண்டும் வருகின்றது. தாடையையே உடைத்துவிட்டோம் என்ற அச்சம் அவனைப் பற்றுகின்றது. தண்டிக்கப்படுவோம் என்னும் கற்பனைகள் பெருகுகின்றன. நிகழ்ந்தது அத்துணைப் பெரிதன்று எனப் பின்னரே அறிகின்றான். பிழையின் அளவு வேறு, பின்னோயின் அளவு வேறு என்பதை இக்கதை நன்கு காட்டும். அவ்விளைஞனின் துன்பம் பெருகியதற்குக் காரணம் அவன் தனிமையே. அருகே மூத்தவர் ஒருவர் இருந்து, 'அத்துண்டைக் காட்டு, பார்ப்போம்' என்றிருப்பின் அவ்வச்சம் அத்துணை வளர்ந்திராது.

ஆதலின் மருந்தும் ஈண்டே உளது. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஸ்கொட் என்பாரும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய துயருற்றோர் 31 பேரை வினவி, அவர் கடக்கும் நிலைகள் ஆறு எனக் கண்டனர். இறுதி நிலையில் வழி மூன்றாகப் பிரிகின்றது: தொழிலை விட்டு விலகுதல், ஆறாத புண்ணோடு காலந்தள்ளுதல், அத்துயரிலிருந்தே நன்மை விளைத்து உயர்தல். நம் பேச்சுவழக்கில் இவற்றுள் இரண்டாவதையே 'ஏதோ பிழைக்கின்றேன்' என்பார்கள். மூன்றாவது வழியிற் செல்வதற்கு, முதல் நாளிலேயே சக ஊழியர் ஒருவர் அருகிருத்தலும், பழிக்கும் நோக்கமின்றி நிகழ்ந்தது ஆராயப்படுதலும், நோயாளரின் குடும்பத்தாரிடம் உண்மை கூற இடமளிக்கப்படுதலும் வேண்டும். இங்கிலாந்தில் 2014 முதல் தீங்கு நேர்ந்தால் அதனை நோயாளர்க்கு வெளிப்படையாய்க் கூறுதல் வைத்தியசாலைகளின் சட்டக்கடமையாக உள்ளது. மறைத்தல் இரு திறத்தாரின் புண்ணையும் ஆறவிடாது என்பதே அதன் உட்கருத்து.

இங்கு ஒரு தடை எழும். இவ்வாறு பரிவு காட்டினாற் கவனமின்மை பெருகாதோ என்பர். பெருகாது. கை தவறுதல், விதியைத் தளர்த்தும் வழக்கத்துக்கு ஆட்படுதல், தீங்கு வருமெனத் தெரிந்தும் பொருட்படுத்தாமை என்பன மூன்றும் வெவ்வேறு. முதலாவதற்கு ஆறுதலும் ஒழுங்கு திருத்தமும், இரண்டாவதற்கு அறிவுறுத்தலும், மூன்றாவதற்குத் தண்டனையும் உரியன. பொற்கொல்லன் செய்தது மூன்றினும் அடங்காத வஞ்சகம். அரசன் செய்தது ஆராயாமை. ஐயுற்ற காவலனோ வாய்ப்பின்றி வாய்மூடியவன். மூவரையும் ஒரே வாளால் வெட்டுவது நீதியாகாது. சட்டமும் இதனைத் தனியே தீர்த்தல் அரிது. 1992இற் கொழும்பில் இறந்த சிறுமி ஒருத்தியின் சிகிச்சை பற்றிப் பேராசிரியர் பிரியானி சொய்சாமீது தொடரப்பட்ட வழக்கு, 2001இலேதான் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. மரணத்துக்குக் கவனக்குறைவே காரணம் என்பது நிறுவப்படவில்லை என்பது முடிவு. அம்முடிவின் சரிபிழை எதுவாயினும், ஒன்பதாண்டுகள் என்பது பிள்ளையை இழந்தார்க்கும் நெடிது, குற்றஞ்சாட்டப்பட்டார்க்கும் நெடிது.

இக்கல்லூரியிற் பயின்ற பலர் வைத்தியராயினர். தாதியர் சேவையிலும் மருந்தாளர் சேவையிலும் உள்ளோர் பலர். இன்று உயிரியல் வகுப்பில் அமர்ந்திருப்போர் நாளை அவ்வழியே செல்வர். அவர்க்குச் சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் எம்போன்றோர், பாண்டியன் உயிர்விட்ட பெருமையோடு பாடத்தை முடித்துவிடலாகாது. அவன் பிழைத்திருந்து, அக்காவலனை அழைத்து, 'நீ ஐயுற்றது யாது? என்னிடம் வந்து கூறத் தடையாயிருந்தது யாது?' எனக் கேட்டிருப்பின் மதுரைக்கு யாது விளைந்திருக்கும் என்னும் வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். தன் பிழையை அறிந்து, அதனைச் சொல்லி, பின்னும் அவ்வார்ட்டுக்குத் திரும்பி வந்து அடுத்த நோயாளியின் நாடியைப் பற்றும் தாதியின் ஆண்மை, அரியணையில் உயிர் துறந்த மன்னனின் ஆண்மையினுங் குறைந்ததன்று. அவர் அங்ஙனம் திரும்பி வருதற்கு வேண்டிய துணையை ஆக்குதல் வைத்தியசாலைக்கும், அவரைப் பழிக்குமுன் நிகழ்ந்ததை முழுமையாய்க் கேட்டல் நமக்கும் உரிய கடன் என்பது எம் துணிபு.